பிறவிக் குணமா, கற்ற குணமா?

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் பேசுமாறு சங்கச் செயலாளர் என்னை அழைத்தபோது, 'கல்வியின் சிறப்பு' என்று தலைப்பிடலாமா என்று கேட்டார். கல்வியின் சிறப்பைப் பற்றி என்னினும் நன்கு பேச வல்லார் இம்மேடையில் பலர் உள்ளனர். நான் விலங்குகளைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். அவர் சற்றே தயங்கினார். தயக்கத்தின் காரணம் எனக்குப் புரிந்தது. நம் மக்கள் விலங்கினும் கீழாக நடத்தப்பட்ட காலம் ஒன்றுண்டு. அந்தப் புண் இன்னும் முழுதும் ஆறவில்லை. ஆகவே நம்மை விலங்கோடு ஒப்பிடுவது என் நோக்கமன்று என்பதை முதற்கண் கூறிவிடுகிறேன். நம்மைத் தாழ்த்த விரும்பியோர் விலங்குகளின் பெயரால் ஒரு சான்று கூறி வந்தனர். அச்சான்று விலங்குகளுக்கே பொருந்தாத பொய்ச் சான்று என்று காட்டுவதே என் நோக்கம்.

நான் ஏழாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் கணக்குப் பாடத்தில் என் விடை தவறிவிட்டது. ஆசிரியர் பிரம்பை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் இதற்குள் மறந்திருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே, "தேனீ தேன் சேர்க்கும், யானை காட்டுல கெடக்கும், குரங்கு கொம்புக்குக் கொம்பு தாவும். அதது பொறவிக் குணம். உனக்குக் கணக்கு வராதது உன் குத்தமில்லடா, உட்காரு" என்றார். வகுப்பே சிரித்தது. அவர் கொடியவர் அல்லர், அன்போடுதான் கூறினார். 'உன் குற்றமில்லை' என்ற அந்த அன்பே என்னை ஓராண்டுக் காலம் கணக்குப் புத்தகத்தைத் திறவாமற் செய்தது. பிறவியிலேயே இல்லாததை முயன்று என்ன பயன் என்று நானும் நம்பிவிட்டேன்.

அன்று அவர் மூன்று உயிர்களைச் சாட்சிக்கு அழைத்தார். நாற்பதாண்டுகளுக்கும் மேலாயின. நான் விலங்கியல் பயின்றவன் அல்லன், வரலாறு பயின்றவன். எனினும் அந்த மூன்று சாட்சிகளையும் இன்று உங்கள் முன் நிறுத்தி, அவை உண்மையில் என்ன சொல்கின்றன என்று கேட்க விரும்புகிறேன்.

முதலில் யானையை எடுத்துக்கொள்வோம். இதற்கு நாம் ஆப்பிரிக்கா வரை செல்ல வேண்டுவதில்லை. 2023-ஆம் ஆண்டு மே மாதம் 27-ஆம் நாள் காலை நம் கம்பம் நகரத் தெருக்களில் ஒரு காட்டானை நடந்ததை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. கடைகள் அடைக்கப்பட்டன, 144 தடையுத்தரவு பிறப்பிக்கப்பட்டது. யானையிடம் அகப்பட்டுக் காயமுற்ற ஒருவர் சில நாள்களில் உயிரிழந்தார். அந்த யானைக்கு அரிக்கொம்பன் என்று பெயர். மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி. 'கொம்பன்' என்றால் தந்தமுடைய ஆண் யானை. போடிமெட்டைத் தாண்டிப் பூப்பாறைக்கு அப்பாலுள்ள சின்னக்கானல் பகுதியில், தோட்டத் தொழிலாளரின் வீடுகளையும் நியாயவிலைக் கடையையும் உடைத்து அரிசி தின்று பழகியதால் அதற்கு அப்பெயர் வந்தது.

கேரள வனத்துறையினர் 2023 ஏப்ரல் 29 அன்று அதனைப் பிடித்து, கழுத்தில் செயற்கைக்கோள் வழியே இருப்பிடம் காட்டும் பட்டையை அணிவித்து, மறுநாள் விடியலில் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டனர். சில நாள்களிலேயே அது எல்லையைக் கடந்து மேகமலைத் தேயிலைத் தோட்டங்களில் காணப்பட்டது. மீண்டும் கேரளம் சென்றது. மீண்டும் திரும்பிக் கம்பத்தில் இறங்கியது. பின்னர்ச் சண்முகாநதி அணையை ஒட்டிய காட்டில் சுற்றித் திரிந்தது. ஜூன் 5 அதிகாலையில் நம் வனத்துறையினர் மயக்க ஊசி செலுத்திப் பிடித்து, களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் மேல்கோதையாற்றுப் பகுதிக்குக் கொண்டுசென்றனர்.

இங்கு ஒன்றைச் சிந்தியுங்கள். காட்டில் கிடப்பதும் தழை தின்பதும் யானையின் மாறாத பிறவிக் குணமாயின், அரிக்கொம்பனுக்கு அரிசியின் சுவை எங்கிருந்து வந்தது? பிறவியில் வரவில்லை, வாழ்விடத்தில் வந்தது. காடு குறுகியது, தோட்டங்கள் பெருகின, நாளெல்லாம் மேய்ந்து சேர்க்க வேண்டிய சத்து ஒரு தகரக் கதவுக்குப் பின்னே மூட்டையாக இருந்தது. அறிவுள்ள விலங்கு அதனைக் கண்டுகொண்டது. எல்லா யானைகளும் அவ்வாறு செய்வதில்லை என்பதையும் கருத வேண்டும். அறிஞர் இராமன் சுகுமார் 1980-களில் தென்னிந்தியக் காடுகளில் ஆய்ந்து, குட்டிகளோடு செல்லும் பெண் யானைக் கூட்டங்களைக் காட்டிலும் வளர்ந்த ஆண் யானைகளே மிகுதியாக வயல்களில் இறங்குகின்றன என்று கண்டார். வழக்கமாகத் தனித்துத் திரியும் ஆண் யானைகள், பயிர் நிலங்கள் மிகுந்த பகுதிகளில் தமக்குள் கூட்டம் சேர்ந்து நடக்கின்றன என்று அண்மைக் கால ஆய்வுகள் கூறுகின்றன. இனம் ஒன்றே, இடத்திற்கும் நிலைமைக்கும் தக நடை பலவாகிறது.

யானை கற்பதோடு நில்லாமல் நினைவிலும் வைக்கிறது. ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில் தராங்கிரி என்னும் காப்பகம் உள்ளது. 1993-இல் அங்குக் கடும் வறட்சி ஏற்பட்டது. வயது முதிர்ந்த பெண் யானைகள் தலைமை தாங்கிய கூட்டங்கள் காப்பகத்தை விட்டே வெளியேறி, தண்ணீரும் தீவனமும் உள்ள இடத்தை நாடிச் சென்றன. அவை இழந்த குட்டிகள் குறைவு. வேட்டையில் மூத்த யானைகளைப் பறிகொடுத்து, இளந்தாய்களே மிஞ்சியிருந்த கூட்டம் உள்ளேயே தங்கி, மிகுந்த குட்டிகளை இழந்தது. எந்தத் திசையில் நடக்க வேண்டும் என்பது இரத்தத்தில் எழுதப்பட்டிருந்தால் இந்த வேறுபாடு நேர்ந்திராது. அது மூத்தோரிடமிருந்து இளையோர் பெறும் கல்வி.

அரிக்கொம்பனின் கதைக்கு இன்னொரு பகுதியும் உண்டு. கோதையாற்றில் விடப்பட்ட இரண்டொரு நாளில், அது புல்லைப் பிடுங்கி நீரில் அலசித் தின்னும் காட்சியை அரசு வெளியிட்டது. பழைய வழக்கம் ஒரே நாளில் அற்றுப்போய்விட்டது என்று கூற மாட்டேன். அவ்வாண்டு செப்டம்பரில் அது மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்களின் பக்கம் வந்து மக்களை அஞ்சச் செய்தது. ஆயினும் அரிசி மூட்டைக்காகக் கதவை உடைத்த அதே துதிக்கைதான் புல்லை அலசியது. பிறவி மாறவில்லை, சூழ்நிலை மாறியது.

அடுத்த சாட்சி தேனீ. தேனீக் கூட்டை வருணாசிரமத்திற்கு உவமையாகக் காட்டிப் பேசுவோரை நான் கேட்டிருக்கிறேன். இராணி ஆள்கிறாள், வேலைக்காரத் தேனீக்கள் உழைக்கின்றன, ஒவ்வொன்றும் தன் பிறப்புக்குரிய தொழிலைச் செய்வதால் கூடு செழிக்கிறது என்பது அவர்தம் வாதம். கேட்பதற்கு அழகாகவே இருக்கிறது. கூட்டைத் திறந்து பார்த்தவர்கள் கூறுவது வேறு.

இராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்து பிறக்கின்றன. முட்டையில் யாதொரு வேற்றுமையும் இல்லை. புழுப்பருவத்தின் முதற் சில நாள்களில் எல்லாப் புழுக்களுக்கும், செவிலித் தேனீக்கள் தம் தலையில் சுரக்கும் ஊட்டக்கூழைத் தருகின்றன. பின்னர் வேலைக்காரப் புழுக்களுக்கு அதனைக் குறைத்து மகரந்தமும் தேனும் கலந்த உணவைத் தருகின்றன. இராணியாக வளர்க்கப்படும் புழுவுக்கோ இறுதி வரையிலும் அக்கூழே கிடைக்கிறது. வளரும் அறையும் பெரிதாக இருக்கிறது. உருவம், ஆயுள், முட்டையிடும் ஆற்றல் ஆகிய அனைத்தும் இதனால் வேறுபடுகின்றன. அரசியையும் பணிப்பெண்ணையும் பிரித்தது பிறப்பன்று. ஊட்டிய உணவும் வளர்த்த இடமும் ஆகும்.

வேலைக்காரத் தேனீக்களுக்குள்ளும் பிறவித் தொழில் என்பது இல்லை. ஒரே தேனீ முதலில் அறைகளைத் துப்புரவு செய்கிறது. பின் புழுக்களுக்கு உணவூட்டுகிறது. பின் மெழுகு சுரந்து அடை கட்டுகிறது. வாயிலில் காவல் நிற்கிறது. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின் வெளியே பறந்து தேனும் மகரந்தமும் கொணர்கிறது. துப்புரவு செய்ய என்று ஒரு குலமும் தேன் கொணர என்று ஒரு குலமும் அங்கே இல்லை. துப்புரவுப் பணியை எல்லாத் தேனீயும் செய்து கடந்து வருகிறது. தம்பிகளே, தங்கைகளே, இவ்வொரு வாக்கியத்தை மட்டுமேனும் இல்லத்திற்குக் கொண்டு செல்லுங்கள்.

இந்த வரிசையும் கல்லில் வெட்டியதன்று. இளந்தேனீக்களை மட்டும் கொண்டு ஒரு கூட்டை அமைத்துப் பார்த்தனர். உணவு கொணர மூத்த தேனீ இல்லாத நிலையில், இளந்தேனீக்களில் சில தம் வயதுக்கு முன்னரே வெளியே பறக்கத் தொடங்கின. மாறாக, செவிலித் தேனீக்களை அகற்றியபோது, வெளியே பறந்துகொண்டிருந்த மூத்த தேனீக்களுள் சில மீண்டும் புழுக்களுக்கு உணவூட்டும் பணிக்குத் திரும்பின. தேவை அழைத்தது; உயிர் விடையளித்தது. தேனீக்கள் தாம் கண்ட பூங்கா இருக்கும் திசையையும் தொலைவையும் நடனத்தால் தம் தோழியர்க்கு அறிவிக்கின்றன என்று கண்டறிந்த கார்ல் வான் பிரிஷ் என்னும் அறிஞருக்கு, வேறிருவரோடு 1973-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எள்ளளவு மூளையுடைய உயிரே இவ்வளவு தூரம் நிலைமையறிந்து நடக்குமாயின், பிறவித் தொழில் என்னும் கொள்கைக்கு இயற்கையில் எங்கே இடம்?

பிறப்பை வைத்துத் தொழிலை விதிப்பது மனிதனின் திறமைக்கும் விருப்பத்திற்கும் இடங்கொடாத ஏற்பாடு என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் வாதிட்டார். தேனீக் கூடு அவர் பக்கமே சாட்சி சொல்கிறது.

உணவைப் பற்றிக் கூறியதால் இதனையும் கூறிவிடுகிறேன். 1956-இல் பெருந்தலைவர் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் விரிவாக நடைமுறைக்கு வந்தது, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக வளர்ந்தது. 2022-இல் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப்பட்டது. பள்ளிக்குச் சோறு எதற்கு, படிக்கிற பிள்ளை எப்படியும் படிக்கும் என்று சொன்னவர்கள் உண்டு. அந்தச் சோற்றை உண்டு படித்தவர்களில் நானும் ஒருவன். பசித்த வயிற்றுக்குக் கணக்கு வராது. அது பிறவிக் குறையன்று.

மூன்றாம் சாட்சி குரங்கு. சுருளி அருவிக்குச் செல்லும் வழியிலும் குமுளி மலைச்சாலையிலும் குரங்குகள் என்ன செய்கின்றன என்பதை நீங்களே கண்டிருக்கிறீர்கள். எந்தப் பையில் தின்பண்டம் உண்டு, எவர் அஞ்சுவார், எவர் கம்பு எடுப்பார் என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியும். அதே இனக் குரங்கு காட்டின் உட்புறத்தில் பழமும் தளிரும் பூச்சியும் தேடித் தின்கிறது. மனிதரைக் கண்டால் விலகுகிறது. கொம்புக்குக் கொம்பு தாவுவது மட்டுமே அதன் குணமென்றால், புட்டியின் மூடியைத் திருகித் திறக்க அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்?

ஜப்பான் நாட்டில் கோஷிமா என்றொரு சிறு தீவு. அங்குள்ள குரங்குகளை ஆராய்ந்தவர்கள் கடற்கரையில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் போட்டு வந்தனர். 1953-இல், ஒன்றரை வயதுப் பெண் குட்டி ஒன்று, மணல் ஒட்டியிருந்த கிழங்கை நீரில் கழுவித் தின்றது. ஆராய்ச்சியாளர் அதற்கு 'இமோ' என்று பெயரிட்டிருந்தனர். ஜப்பானிய மொழியில் கிழங்கு என்று பொருள். அதனைப் பார்த்து அதன் விளையாட்டுத் தோழர்கள் கழுவத் தொடங்கினர். அதன் தாயும் கற்றுக்கொண்டது. ஆண்டுகள் செல்லச் செல்ல அக்கூட்டத்தின் பெரும்பகுதிக்கு அது வழக்கமாயிற்று. முதிர்ந்த ஆண் குரங்குகள் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் தெருக்கள் நினைவுக்கு வந்தன. பள்ளிக்குச் சென்ற மகள் தாய்க்குக் கையெழுத்துப் போடக் கற்றுக் கொடுத்ததையும், வங்கிப் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததையும் நாம் வீடுதோறும் கண்டிருக்கிறோம். புதியது இளையோரிடம் தொடங்குகிறது; வீட்டின் வழியே பரவுகிறது. தராங்கிரி யானைகள் முதியோரின் நினைவுக்குச் சாட்சி. கோஷிமாக் குரங்குகள் இளையோரின் துணிவுக்குச் சாட்சி. ஒரு சமுதாயத்திற்கு இரண்டும் வேண்டும். முதிர்ந்த ஆண்களாகிய நாங்கள் மட்டும் கல்லாதவர்களாக நின்றுவிடக் கூடாது என்பதையும் இங்குள்ள என் வயதினருக்கு நினைவூட்டுகிறேன்.

ஆக, மூன்று சாட்சிகளும் ஆசிரியருக்கு எதிராகவே சாட்சி கூறிவிட்டன. இத்துடன் முடித்துக்கொள்ளலாம். எனினும் இதே உண்மையைத் திரித்து நமக்கு எதிராகவே பயன்படுத்த முடியும் என்பதால் இன்னும் சிறிது நேரம் கேட்கிறேன்.

'எந்த உயிரும் பழகிக்கொள்ளும்' என்பது உண்மை. ஆனால் பழகிக்கொள்ளும் ஆற்றலுக்கு ஓர் எல்லையும் ஒரு விலையும் உண்டு. நம் மேகமலைக் காடுகளிலும் வாழ்கின்ற சோலைமந்தி, மரத்தின் உச்சிகளிலேயே வாழ்ந்து பழகியது. வால்பாறைப் பக்கம் புதுத்தோட்டம் என்னுமிடத்தில் காடு துண்டுபட்டதால், அது தரையில் இறங்கிச் சாலையைக் கடக்கவும் வீடுகளுக்குள் உணவு தேடவும் பழகிக்கொண்டது. பழகியது உண்மைதான், வண்டிகளில் அடிபட்டு மாண்டதும் உண்மைதான். அதற்காகப் பின்னர்ச் சாலைக்கு மேலே பாலங்கள் கட்ட வேண்டியதாயிற்று. அரிக்கொம்பனும் பழகிக்கொண்டது, அதற்குக் கிடைத்தவை மயக்க ஊசியும் லாரிப் பயணமும்.

சின்னக்கானலில் 301 காலனி என்றொரு குடியிருப்பு உண்டு. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், நிலமற்ற பழங்குடிக் குடும்பங்களுக்கு அங்கு நிலம் வழங்கப்பட்டது. கொடுத்த நிலம் யானைகள் நடமாடும் இடம். ஏழை மக்கள் ஒருபுறம், யானைகள் ஒருபுறம். இருவரும் ஒருவருக்கொருவர் பழகிக்கொள்வார்கள் என்று எண்ணினர் போலும். பல குடும்பங்கள் அஞ்சி வெளியேறின. அங்கே யானையும் குற்றவாளியன்று, அம்மக்களும் குற்றவாளிகளல்லர். நல்ல நிலத்தை வேறு எவருக்கோ வைத்துக்கொண்டு, மிஞ்சிய இடத்தை இல்லாதவர்க்கு ஒதுக்கும் வழக்கமே குற்றவாளி.

அவ்வழக்கத்தை நாம் நன்கறிவோம். ஊருக்கு வெளியே, ஓடையின் தாழ்கரையில், சுடுகாட்டுப் பக்கத்தில் நமக்குக் குடியிருப்பு ஒதுக்கியவர்களும், "அவங்களுக்குப் பழகிப்போச்சு" என்றுதான் கூறினர். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறிப் போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, இருட்டிய பின் திரும்பும் நம் தாய்மாரைப் பார்த்தும் அதையே கூறுகின்றனர். பழகிக்கொண்டதைப் பொருத்தம் என்று கருதுவது பெரும் பிழை. பாம்பும் வெள்ளமும் வரும் இடத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்து காட்டியது நம் மக்களின் ஆற்றல். அங்கேயே வாழ வேண்டும் என்பதற்கு அது ஆதாரமன்று.

ஆதலால் நான் கண்ட முடிவைச் சுருங்கக் கூறுகிறேன். ஓர் உயிரின் நடத்தை, அது பிறந்த குலத்தின் முத்திரையன்று. அது பெற்ற உணவு, கண்ட இடம், கற்ற பாடம் ஆகியவற்றுக்கு அது அளிக்கும் விடை. விடையை மாற்ற வேண்டுமாயின் வினாவை மாற்ற வேண்டும். பிள்ளையின் குணத்தைக் குறை கூறுமுன், அதற்கு எதை ஊட்டினோம், எங்கே இருத்தினோம், எதைக் கற்பித்தோம் என்று கேட்க வேண்டும்.

மாணவத் தம்பி தங்கைகளே! உங்களிடம் ஒரு வேண்டுகோள். "எனக்கு ஆங்கிலம் வராது, கணக்கு வராது" என்று நம் தெருப் பிள்ளை ஒன்று கூறக் கேட்டால், 'வராது' என்ற சொல்லை அங்கேயே நிறுத்துங்கள். 'இன்னும் வரவில்லை' என்று திருத்திச் சொல்லக் கற்பியுங்கள். மேல் வகுப்பில் படிக்கும் ஒவ்வொருவரும் மாலையில் இரண்டு சிறுவர்க்கு ஒரு மணி நேரம் கற்றுக் கொடுங்கள். பெரியோர்களே, ஏலக்காய்ப் பருவத்தில் கூலிக்காகப் பிள்ளையை ஜீப்பில் ஏற்றும் நெருக்கடி வீட்டில் வருமாயின், முதலில் சங்கத்தின் கதவைத் தட்டுங்கள். அந்த நெருக்கடியை எங்களால் தீர்த்துவிட முடியும் என்று உறுதி கூற இயலாது; ஆனால் தனியாக முடிவெடுக்க விட மாட்டோம்.

என் கதையின் முடிவையும் கேட்டு விடுங்கள். அடுத்த ஆண்டு எங்கள் வகுப்புக்கு வேறோர் ஆசிரியர் வந்தார். என் விடை தவறியபோது அவர் சிரிக்கவில்லை, இரக்கமும் காட்டவில்லை. "எந்த வரியில தப்புன்னு நீயே கண்டுபிடி" என்று கூறிச் சுண்ணாம்புக் கட்டியை என் கையில் கொடுத்தார். மூன்றாம் வரியில் கடன் வாங்கிக் கழித்ததில் தவறு இருந்தது. அதைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். அதே பையன்தான், அதே பிறப்புத்தான். கையில் சுண்ணாம்புக் கட்டி இருந்தது ஒன்றே வேறுபாடு.

இந்த இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் செய்து வந்த பணி, பிள்ளைகளின் கையில் அந்தச் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்ததே ஆகும். அப்பணி மேலும் ஓங்குக என வாழ்த்தி அமைகிறேன்.